மாதம் 700 கிலோமீற்றர் ஓடும் வீட்டுக்கு டீசலா, பெற்றோலா?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். புதுக்குடியிருப்புப் பக்கம் வீடு. வயலும் ஒரு லான்ட்மாஸ்டரும் (இரு சில்லு உழவு இயந்திரம்) உண்டு. மனைவி ஆசிரியை, பாடசாலை 6 கிலோமீற்றர் தூரத்தில். இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. அம்மாவுக்கு இழைப்பு நோய் என்பதால் மாதம் ஒருமுறை யாழ்ப்பாணத்துக்கு கிளினிக் கூட்டிப்போக வேண்டும். இவ்வளவு காலமும் ஹயர் பிடித்துச் சமாளித்தவர்கள், தங்கள் சேமிப்போடு ஜேர்மனியில் இருக்கும் அண்ணன் தரும் பணத்தையும் சேர்த்து ஒரு கார் வாங்கப் போகிறார்கள்.

பார்த்து வைத்திருப்பது இரண்டு கார்கள். இரண்டுமே ரொயோட்டா கொரோலா 110. ஒன்று 2000 சிசி டீசல், மற்றது 1500 சிசி பெற்றோல். டீசலுக்கு 4 இலட்சம் ரூபா கூடக் கேட்கிறார்கள். லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடும், கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் இன்னும் மிச்சம் என்று விற்பவர் சொல்கிறார். அண்ணனும் தன்னுடைய டீசல் கார் 20 ஓடுகிறது, யோசிக்காமல் டீசலை எடு என்கிறாராம். மனைவிக்கு மட்டும் அந்தக் கார் விடும் கறுப்புப் புகை பிடிக்கவில்லை. மாதம் 1000 கிலோமீற்றர், டீசல் 18, பெற்றோல் 10 என்று கணக்குப் போட்டு, கூடக் கொடுக்கும் காசு இரண்டரை வருடத்தில் திரும்பி வந்துவிடும் என்று வாசகர் நம்புகிறார். அது சரியா என்பதுதான் கேள்வி. கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரியும் இருக்கிறது: டீசல் காரின் பதிவுப் புத்தகம் இன்னும் முந்தின உரிமையாளரின் பெயரில்தான் இருக்கிறது, விற்பவர் கையெழுத்துப் போட்ட உரிமை மாற்றுப் பத்திரம் தருவாராம்.

அன்புள்ள வாசகருக்கு,

பெருக்கல் வகுத்தலில் நீங்கள் பிழை விடவில்லை. ஆனால் அதற்குள் போட்ட மூன்று எண்களும் பிழை. டீசல் எஞ்சின் குறைந்த எரிபொருளில் கூடத் தூரம் ஓடும் என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்து உங்களிடம் 4 இலட்சம் கேட்பது நியாயமா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் மனைவி சொன்னதை எடுக்கிறேன். கடிதத்தில் அதை ஒரு பெண்ணின் விருப்பு வெறுப்புப் போலக் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கோ இந்தக் காரைப் பற்றிக் கிடைத்த தகவல்களில் அதுதான் பெறுமதியானது. டீசல் எஞ்சினிலிருந்து வரும் கறுப்புப் புகை என்பது முழுதாக எரியாமல் வெளியே போகும் டீசல். டீசலைத் தெளிக்கும் நோசில் தேய்ந்திருக்கலாம், எரிபொருள் பம்பில் அளவு கூட்டி வைத்திருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும், கண்ணில் படும் அளவுக்குக் கறுப்பாகப் புகைக்கிற கார் லீற்றருக்கு 18 ஓடாது. அவர் புகையைப் பார்த்தது, நீங்கள் 18 என்று கேட்டதை விட நம்பத்தக்க சாட்சி.

அண்ணனின் காரும் இந்தக் காரும்

அண்ணன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் ஓட்டுவது வேறு எஞ்சின். இன்றைய ஐரோப்பிய டீசல் கார்களில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் நேராக எரியறைக்குள் தெளிக்கப்படுகிறது. எவ்வளவு, எப்போது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. நீங்கள் பார்த்த டீசல் கொரோலா 110இல் இருக்கும் 2சி எஞ்சினில் டீசல் முதலில் பக்கத்தில் உள்ள சிறிய அறைக்குள் போய் எரியத் தொடங்கி, அங்கிருந்துதான் சிலிண்டருக்குள் வருகிறது. அந்தச் சிறிய அறையின் சுவர்கள் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். இந்தப் பழைய முறைக்கும் நேரடித் தெளிப்புக்கும் இடையில் எரிபொருளில் 10 முதல் 15 சதவீதம் வரை வித்தியாசம் வரும். வயதான எஞ்சினுக்கு அதைவிடவும் கூட.

அங்கேயும் கூட விற்பனைத் தாளில் போடும் எண்ணும் வீதியில் வரும் எண்ணும் ஒன்றல்ல. 2021இல் பதிவான கார்களின் உள்ளே பொருத்திய மானிகளிலிருந்து தரவு எடுத்து ஐரோப்பிய ஆணைக்குழு 2024இல் வெளியிட்டது. ஆய்வுகூடக் கணக்கை விட பெற்றோல் கார்கள் ஏறத்தாழ 24 சதவீதமும் டீசல் கார்கள் 18 சதவீதமும் கூடுதலாகக் குடித்திருக்கின்றன. இது புதிய, கடுமையாக்கப்பட்ட பரிசோதனை முறைக்குப் பிறகு வந்த நிலை. அதற்கு முந்திய பழைய முறையில் இடைவெளி 40 சதவீதம் வரை போயிருந்தது. டீசலின் இடைவெளி பெற்றோலை விடக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும், அந்த அளவில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது.

அவருக்கு டீசல் கட்டுபடியாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜேர்மனியில் ஒரு லீற்றர் பெற்றோலுக்கான எரிபொருள் வரி 65 யூரோ சதத்துக்குச் சற்று மேல், டீசலுக்கு 47 யூரோ சதம். அதற்கு ஈடாக டீசல் காருக்கு வருடாந்த வாகன வரி அதிகம். நிறையத் தூரம் ஓடுகிறவருக்கு இலாபம், குறைய ஓடுகிறவருக்கு நட்டம் என்ற மாதிரித்தான் அங்கே வரியே அமைந்திருக்கிறது. வருடம் முழுக்க நெடுந்தெருவில் ஓடும் அண்ணனின் கணக்கை அப்படியே எடுத்து புதுக்குடியிருப்பில் வைக்க முடியாது.

டீசல் மலிவு என்ற பழைய நினைவு

எங்கள் நாட்டில் டீசலுக்கும் பெற்றோலுக்கும் இடையில் ஒருகாலம் பெரிய இடைவெளி இருந்தது. 2021 டிசம்பரில் பெற்றோல் 92 ஒரு லீற்றர் 177 ரூபா, ஓட்டோ டீசல் 121 ரூபா. டீசல் கார் வாங்கினவர் கெட்டிக்காரர் என்ற பேச்சு அந்தக் காலத்தில் உருவானது. ஆறு மாதத்தில், 2022 ஜூன் கடைசியில், பெற்றோல் 470, டீசல் 460. இப்போது விலை மாதாமாதம் திருத்தப்படுகிறது, இடைவெளி ஒருநேரம் கூடும், ஒருநேரம் சுருங்கும். 25 வருடம் ஓடின ஒரு காருக்கு 4 இலட்சம் கூடக் கொடுக்கும்போது, அந்த இடைவெளி வருடக்கணக்காக உங்கள் பக்கம் நிற்கும் என்று நம்பிக் கொடுக்கிறீர்கள். அப்படி நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

உங்கள் வீட்டுக் கணக்கு

நீங்கள் எழுதிய பயணங்களை நானே கூட்டிப் பார்த்தேன். பாடசாலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 12, மாதம் 20 நாள் என்றால் 240. யாழ்ப்பாணம் போய்வர ஏறத்தாழ 200. சந்தை, கோயில், முல்லைத்தீவு டவுன், வயல் என்று ஒரு 260. மொத்தம் 700. 1000 என்பது கார் வாங்கும் சந்தோஷத்தில் கூடிய தொகை.

அடுத்தது, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று யோசிப்பதை இந்தக் கணக்குக்கு மட்டும் விட்டுவிடுங்கள். 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று பாருங்கள். காரணம் இருக்கிறது. 10 ஓடும் கார் 12.5 ஓடினால் 100 கிலோமீற்றரில் 2 லீற்றர் மிச்சம். 16 ஓடும் கார் 20 ஓடினால், கேட்க அது பெரிய முன்னேற்றம் போலத் தெரிந்தாலும், மிச்சம் 1.25 லீற்றர்தான். எண் உயர உயர ஒவ்வொரு கிலோமீற்றரும் தரும் மிச்சம் சுருங்குகிறது. விற்பவர்கள் வாயில் 18, 20, 22 என்று ஏறும் எண்களுக்குப் பின்னால் அவ்வளவு காசு இல்லை.

நல்ல நிலையில் இருக்கும் ஒரு கொரோலா 110, நீங்கள் ஓடும் விதத்துக்கு, டீசல் என்றால் 100 கிலோமீற்றருக்கு 7 லீற்றர், பெற்றோல் என்றால் எட்டரை லீற்றர் எடுக்கும் என்று வைப்பது நியாயம். மாதம் 700 கிலோமீற்றருக்கு டீசல் 49 லீற்றர், பெற்றோல் 59.5 லீற்றர். கணக்குக்காக பெற்றோல் 300 ரூபா, டீசல் 280 ரூபா என்று எடுக்கிறேன். நீங்கள் வாசிக்கும் மாதத்து விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பெற்றோலுக்கு 17,850 ரூபா, டீசலுக்கு 13,720 ரூபா. மாதம் மிச்சம் 4,130. வருடத்துக்கு 50,000 என்று வைத்தாலும், 4 இலட்சத்தை எடுக்க 8 வருடம் ஓட வேண்டும். அதுவும் இடையில் பம்புக்கோ நோசிலுக்கோ ஒரு சதமும் செலவழிக்காமல்.

இதே காரை மாதம் 2,500 கிலோமீற்றர் ஹயர் ஓடும் ஒருவர் கேட்டிருந்தால், அதே 4 இலட்சம் இரண்டேகால் வருடத்தில் திரும்பிவிடும் என்று சொல்லி, நல்ல டீசல் காராகப் பார்த்து எடுக்கச் சொல்லியிருப்பேன்.

உங்கள் ஓட்டத்தில் இன்னொரு விசயமும் உண்டு. பாடசாலைக்குப் போகும் 6 கிலோமீற்றரில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே பாதித் தூரம் போய்விடும். வன்னி வெயிலில் என்ன குளிர் என்று நினைக்காதீர்கள். வெளியே 32 பாகை இருந்தாலும் எஞ்சினுக்குத் தேவை 80, 90 பாகை. அதுவரை இரண்டு வகை எஞ்சினும் கூடக் குடிக்கும். கனமான டீசல் எஞ்சின் சூடேறப் பெற்றோலை விட நேரம் எடுக்கும். ஏ9இல் ஆனையிறவு தாண்டி ஒரே சீராக ஓடும்போது வரும் எண்ணை விற்பவர் சொல்வார், உங்கள் மனைவி ஓட்டப்போவதோ பாடசாலை வீதியில்.

டீசலின் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. ஒரு லீற்றர் டீசலில் பெற்றோலை விட ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதல் சக்தி அடங்கியிருக்கிறது, அதன் சிக்கனத்தில் ஒரு பங்கு அங்கிருந்தே வருகிறது. மெதுவான ஓட்டத்திலும் இழுவை உண்டு, பெரும்போக மழையில் சேறாகும் ஒழுங்கைகளில் அது உதவும். லான்ட்மாஸ்டருக்கு வாங்கும் டீசலையே காருக்கும் போடலாம் என்பதும் ஒரு வசதி. பெற்றோலைப் போல டீசல் சட்டென்று தீப்பற்றாது என்பதும் உண்மை. ஆனால் 2022இல் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூ.ஆர். வைத்து அளந்த அனுபவத்தில், வீட்டில் பீப்பாவில் சேர்த்து வைப்போம் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், பீப்பாவின் அடியில் தேங்கும் தண்ணீரும் தூசியும் முதலில் கெடுப்பது காரின் பம்பைத்தான்.

அம்மாவின் இழைப்பையும் கணக்கில் எடுங்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது. நாளாந்தம் முற்றத்தில் ஸ்டார்ட் பண்ணி நிற்கவிடும் கார் அது. சுவாச நோயாளி இருக்கும் வீட்டில், புகைக்கும் டீசல் காரை நான் எந்த விலைக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மண்ணெண்ணெய் வேண்டாம்

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய அந்தத் திறமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அவை அமுக்கவிகிதம் குறைந்த பழைய ஒஸ்ரின், மொறிஸ் வகை எஞ்சின்கள், அப்போது வேறு வழியும் இல்லை. உங்கள் டீசல் காரில் எரிபொருளைத் தள்ளும் பம்புக்கு டீசல்தான் ஒயில். அதன் உள்ளே ஒன்றோடொன்று மிக நெருக்கமாக உரசும் பாகங்களை வழுக்க வைப்பது ஓடிப்போகும் டீசலின் பிசுக்கு. மண்ணெண்ணெயில் அது குறைவு. கலந்தால் பம்ப் தேயும், தேய்ந்தால் அளவு பிழைக்கும், பிறகு புகைக்கும். உங்கள் மனைவி கண்ட புகைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மிச்சமும் முன்னைப் போல இல்லை: 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் 340 ரூபா ஆனது. லீற்றரில் மிஞ்சுவது போலத் தெரியும் காசையும் பம்ப் திருத்தும் செலவு தின்றுவிடும். கலந்து ஓடச் சொல்லும் விற்பனையாளர், இவ்வளவு நாளும் தான் எப்படி ஓடினார் என்பதை உங்களுக்குச் சொல்லிவிட்டார்.

கார் பார்க்கப் போகும்போது

எந்தக் காரை எடுத்தாலும் விடியற்காலையில் போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், முதலே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். குளிர்ந்த நிலையில் றேடியேற்றர் மூடியைத் திறந்து, பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லித் தண்ணீரைப் பாருங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் வெடிப்போ கஸ்கெற் பழுதோ இருக்கலாம். 2சி எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் ஹெட் வெடிப்பதில் பேர்போனது. எங்கள் பகுதிக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தன்மை கூடியது. றேடியேற்றருக்கு அதையே ஊற்றி ஊற்றி உள்ளே படிவு கட்டிய கார்கள் வன்னியில் ஏராளம். சூடான எஞ்சினில் மட்டும் அந்த மூடியைத் தொடாதீர்கள்.

ஒயில் விடும் மூடியைத் திறந்து பார்த்தால் காற்று பலமாக அடிக்கிறதா, சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்றும் கவனியுங்கள். இரண்டும் எஞ்சின் தேய்ந்ததற்கு அறிகுறி. வருட வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை செய்திருப்பார்கள், அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். டீசல் காரில் டைமிங் பெல்ற் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெல்ற் அறுந்தால் எஞ்சினே போய்விடும்.

எவ்வளவு ஓடுகிறது என்பதை அளக்க ஒரே வழி, டாங்கியை நிரப்பி ஓடி, அதே ஷெட்டில் அதே பம்பில் மறுபடி நிரப்பிப் பார்ப்பது. முள்ளைப் பார்த்துச் சொல்லும் கணக்கு எதற்கும் உதவாது. குறுகிய ஓட்டமும் உதவாது. 70 கிலோமீற்றருக்கு 5 லீற்றர்தான் போகும், நிரப்பும்போது அரை லீற்றர் கூடக்குறைய நின்றாலே 10 சதவீதம் பிழைத்துவிடும். விற்பவர் சம்மதித்தால் எரிபொருள் செலவை நீங்களே ஏற்று, அம்மாவின் அடுத்த கிளினிக்குக்கு அந்தக் காரிலேயே போய் வாருங்கள். 200 கிலோமீற்றர் ஓடிவிடும். ஏசி போட்டு, எல்லோரும் ஏறி, வேகத்தை 70க்குள் வைத்து ஓடுங்கள். சட்டமும் அந்த அளவுதான், அதற்கு மேலே போகப் போக காற்றுத் தடையும் எரிபொருளும் விறுவிறென்று ஏறும். ரயர் காற்றையும் முதலே சரிபார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகு என் அபிப்பிராயம் இதுதான். பெற்றோல் கார் எஞ்சின் நல்லதாக இருந்தால் அதை எடுங்கள். மிஞ்சும் 4 இலட்சத்தை ஒரேயடியாகச் செலவழித்துவிடாமல் ஒரு பங்கை ரயர், பெல்ற், றேடியேற்றர், பற்றரி என்று முதல் வருடத்தில் வரும் வேலைகளுக்கு ஒதுக்குங்கள், பழைய கார் எது வாங்கினாலும் அந்தச் செலவு வரும். டீசல்காரர் இறங்கி வந்து ஒரு இலட்சம்தான் கூட என்றால், இரண்டு வருடத்தில் அது திரும்பும். அப்போதும் புகை நிற்க வேண்டும், ஹெட் நன்றாக இருக்க வேண்டும், கீழே சொல்லும் புத்தகப் பிரச்சினை தீர வேண்டும்.

புத்தகம் யாருடைய பெயரில்?

கையெழுத்துப் போட்ட மாற்றுப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஓடுவது ஊரில் வழமை என்பதால் அது பாதுகாப்பு ஆகாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்தான் பதிவு உரிமையாளர். அவர் வெளிநாடு போனாலோ, இறந்தாலோ, கையெழுத்து என்னுடையதல்ல என்றாலோ, நீங்கள் காசு கொடுத்ததை நிரூபிக்க அலைய வேண்டும். விபத்து நடந்தால் காப்புறுதி இழப்பீடு கேட்கும்போதும் இதே சிக்கல் வரும்.

வன்னியில் இதை இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். 2009இல் விட்டு வந்த வாகனங்களும் ஆவணங்களும் எத்தனை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு ஒன்றின் எஞ்சினை இன்னொன்றில் ஏற்றி ஓடிய கார்களும் உண்டு. செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் நேரே வாசித்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எரிபொருள் வகை என்ற இடத்தில் டீசல் என்றே இருக்கிறதா என்றும் பாருங்கள். பெற்றோலாகப் பதிந்த காருக்கு டீசல் எஞ்சின் ஏற்றியிருந்தால், அந்த மாற்றம் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். அப்படிப் பதியாத காரைத் தொடாதீர்கள்.

புத்தகத்தில் பெயர் உள்ளவர் நேரில் வந்து தேசிய அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்திட்டால் மட்டும் காசைக் கொடுங்கள். அதுவரை முற்பணம் என்று ஒரு தொகை கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வாங்கின பிறகு பெயர் மாற்றத்தைத் தாமதிக்காமல் செய்துவிடுங்கள். பெற்றோல் காருக்கும் இதே நடைமுறைதான். அதன் புத்தகம் யாருடைய பெயரில் என்று உங்கள் கடிதத்தில் இல்லை, அதை முதலில் கேளுங்கள்.